எத்தில் கிளை எங்கே போனது?

ஐந்து கார்பன் கொண்ட ஆல்கேனுக்கு (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்) நான்கு மாற்றியங்கள் (ஒரே வாய்பாடு, வேறு வேறு அமைப்பு) வரைந்ததாகவும், 2-எத்தில்புரப்பேனை ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் செய்தது சரியே. எத்தில் என்ற இரண்டு கார்பன் கிளையின் நுனியில் விரலை வைத்து, பிணைப்பு வழியாகவே நகர்த்துங்கள்: எத்திலில் இரண்டு, புரப்பேனின் நடுவில் ஒன்று, அதன் ஓரத்தில் ஒன்று. நான்கு கார்பன்! மிக நீளமான தொடரே முதன்மைச் சங்கிலி, ஆகவே அது நான்கு கார்பன் கொண்ட பியூட்டேன். மிஞ்சுவது ஒரு மெத்தில், அதாவது ஒரு கார்பன் கிளை. நீங்கள் ஏற்கெனவே எழுதிய 2-மெத்தில்பியூட்டேன்தான் அது. சங்கிலி தாளில் நேர்கோடாக இருக்க வேண்டியதில்லை, வளைந்தும் போகலாம். பாடம் நடத்தும்போது இதை அழுத்திச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஐயம் வந்தால் படத்தை நம்பாமல் பெயரிட்டுப் பாருங்கள்.

நீங்கள் வரைந்த 2,2-டைமெத்தில்புரப்பேன் சரி. அது சுமார் 10 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், நேர்ச்சங்கிலி பென்டேனுக்கு 36 வேண்டும். அதன் உருண்டையான மூலக்கூறுகள் ஒன்றையொன்று குறைவாகத் தொடுவதே காரணம்.