ஹட்டன் குளிரில் வீட்டு முற்றத்தில் எந்தப் பனை வைக்கலாம்?

கேள்வி: ஹட்டனுக்குக் கிட்டே 7 பேர்ச் காணியில் புது வீடு கட்டியிருக்கிறோம். முற்றத்தில் பனைச் சாதியில் ஓர் அழகு மரம் வைக்க ஆசை. கடையில் வாங்கி வைத்த சிவப்புத் தண்டுப் பாக்கு பட்டுப்போனது. ‘குளிர் தாங்கும் பனை’ என்று இணையத்தில் சொல்கிறவை எல்லாம் நம்ம பக்கம் வருமா?

பாதி வரும், பாதி வராது. வராதவை குளிரால் வராமல் போவதும் இல்லை.

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா பக்கத்துத் தோட்டக்காரர்களுக்காக எழுதியவை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, மைனஸ் எத்தனை பாகை வரை மரம் உயிரோடு நிற்கும் என்பதுதான். அந்தச் சில இரவுகளைத் தாண்டிவிட்டால் கோடை வந்து மூன்று, நான்கு மாதம் நன்றாகக் காயும், மரம் அதில் வளர்ந்துவிடும். நமக்கு அப்படி ஒரு கோடையே கிடையாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கொழும்பின் சராசரி 27 பாகை செல்சியஸ் என்றால் 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனுக்கு 19 பக்கம் வரும், 1,868 மீற்றரில் நுவரெலியாவுக்கு 15, 16 பக்கம். வருடம் முழுக்க இதிலிருந்து பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் துகள் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கும் தேயிலைக் கொழுந்தும் கருகுவது உண்மை. ஆனால் வெயில் ஏறியதும் அது போய்விடும், பனி நாட்டில் நிற்கும் பனை எதுவும் அதற்குச் சாகாது. சாவதெல்லாம் ஜூன், ஜூலையில்தான். வாரக்கணக்கில் மழையும் மப்புமாக இருந்து, மண் காயாமல், குருத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிற காலம் அது.

அதனால் ‘எவ்வளவு குளிர் தாங்கும்’ என்பதை விட்டுவிட்டு ‘வளர்வதற்கு இதற்கு வெயில் வேண்டுமா’ என்று பாருங்கள்.

வெயில் கேட்கிறவற்றை முதலில் தள்ளிவிடலாம். மத்தியதரைக் கடல் பக்கத்துக் குட்டை விசிறிப்பனையான காமரோப்ஸ், கலிபோர்னியாவின் வாஷிங்டோனியா, தென்னமெரிக்க பியூட்டியா, இவை எல்லாம் பட்டியலில் மேலே இருக்கும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை மழைக்கு இவை ஆகாது. சாகாவிட்டாலும் வளராது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் என்றால் கதை வேறு. தென்மேற்குப் பருவமழை அங்கே மலையைத் தாண்டி வராது, நடு வருடத்தில் வரண்ட காற்றும் வெயிலும் கிடைக்கும். ஊவாத் தேயிலைக்கு ருசி கொடுக்கிற அதே காற்றுதான். என் மச்சான் வீடு பண்டாரவளையில். அவர் முற்றத்து பியூட்டியா குலை தள்ளுகிறது. நான் இருக்கும் தலவாக்கலையில் அதே சாதிக் கன்று ஓர் ஓலை விரிக்கவே வருடம் பார்க்கிறது.

ஹட்டனுக்கு நான் முதலில் சொல்வது டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி. விண்ட்மில் பாம் என்று விற்பார்கள். விசிறி ஓலை, தண்டைச் சுற்றிச் சாக்கு போர்த்தியதுபோலப் பழுப்பு நார். சீனத்து மலைகளின் மரம் அது. மைனஸ் 10 பாகைக்குக் கீழேயும் தாங்கும் என்பதால் ஐரோப்பாவில் பிரபலம். நமக்கு முக்கியம் என்னவென்றால், கோடை சூடாக இல்லாவிட்டாலும் அது வளரும். பெயரில் இருக்கிற ஃபார்ச்சூன் யார் என்று பார்த்தால் நம்ம ஆட்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ராபர்ட் ஃபார்ச்சூன், 1848இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனாவுக்குள் போய்த் தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கடத்தி அனுப்பிய அதே ஆள். 1849இல் இந்தப் பனையை இங்கிலாந்துக்கு அனுப்பியதும் அவர்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். அப்படிப் பார்த்தால் தேயிலை மலைக்கு நடுவே இந்தப் பனை நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதில் ஆண் மரம், பெண் மரம் வேறு வேறு. அழகுக்கு எதுவானாலும் சரி. பலமான காற்று ஓலையைக் கிழித்துவிடும், அதனால் கணவாய் பார்த்த மூலையில் வைக்காமல் வீட்டு மறைவில் வையுங்கள்.

கமுகு போல வழவழப்பான தண்டும் இறகு ஓலையும்தான் வேண்டும் என்றால் பங்களோ பாம் தேடுங்கள். ஆர்க்கொண்டோஃபீனிக்ஸ் கன்னிங்ஹாமியானா என்பது முழுப் பெயர். கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஈரக்காட்டு மரம், மழையை விரும்பும், இந்தச் சாதிகளுக்குள் வேகமாகவும் வளரும். எனக்குப் பிடித்ததும் இதுதான். ஒரே எச்சரிக்கை: சிவந்த பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் காட்டுக்குள் போடும். நியூசிலாந்திலும் பிரேசிலிலும் அப்படிப் பரவித் தொல்லையாகியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒதுக்குக்காடு இருந்தால் பழுக்கும் முன்னே பாளையை வெட்டிவிடுங்கள்.

நியூசிலாந்தின் நிக்காவ் பனையும் மப்பு, ஈரம், குளிர் மூன்றையும் விரும்புவதுதான். உலகத்திலேயே மிகத் தெற்கே தானாக வளரும் பனை அது. உங்கள் பக்கத்து ஓடைக்கரையில் மரப்பன்னம் செழிப்பாக நின்றால் நிக்காவும் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தண்டு எழும்ப வருடக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். கொலம்பியாவின் மெழுகுப்பனை, அதாவது உலகின் மிக உயரமான பனை, நுவரெலியாவுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் 60 மீற்றர் வரை போகிற மரத்தை 7 பேர்ச்சில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அளவைச் சொல்ல வேண்டும். 7 பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர், அதில் வீடு போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பழைய துரை பங்களாக்களைப் பார்த்துவிட்டு கேனரித் தீவுப் பேரீச்சை கேட்கிறவர்கள் உண்டு. அதன் தலை மட்டுமே 8 மீற்றருக்குக் குறையாமல் விரியும், அடி ஓலையெல்லாம் முள். பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றத்துக்கு வேண்டாம்.

வெளிநாட்டு மரம் எதற்கு, கித்துள் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ஹட்டன் உயரத்தில் கித்துள் வரும், பாணியும் கருப்பட்டியும் கொடுக்கிற மரம். ஆனால் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டே வந்து, பூத்து முடிந்ததும் செத்துப்போகும். செத்த மரம் விழும்போது கூரைத் தகரத்தில் விழக் கூடாது. பழச்சாறு பட்டால் உடம்பு அரிக்கும். காணி ஓரத்தில் இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

நீங்கள் இழந்த சிவப்புத் தண்டுப் பாக்கு மலாயா, சுமாத்திரா, போர்னியோவின் தாழ்நிலச் சதுப்புக் காட்டு மரம். வருடம் முழுக்கப் புழுக்கம் வேண்டும், உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. கடைகளில் விற்கும் போத்தல் பனையும் மஞ்சள் தண்டுப் பாக்கும் இதே கதைதான், மஞ்சள் தண்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஓலையெல்லாம் புள்ளி விழும். கண்டி 500 மீற்றர் உயரம்தான். அங்கே கடையில் பச்சைப்பசேலென்று நிற்பதை வைத்து ஹட்டனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

நடுவதில் தண்ணீர் வடிவதுதான் பாதி வேலை. சரிவான காணி என்றால் மேல்பக்கம் சின்னதாக ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். தட்டையான முற்றம் என்றால் குழியில் இறக்காமல் ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் குவித்து அதன் மேல் நடுங்கள். களிமண்ணாக இருந்தால் சல்லியும் மக்கிய சாணமும் கலக்கலாம். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும், தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். மார்ச், ஏப்ரல் மாலை மழையில் நட்டால் மே மாதப் பெருமழைக்குள் வேர் கொஞ்சம் பிடித்துவிடும்.

தேயிலை நின்ற மண் புளிப்பு அதிகம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியதற்கு அப்புறம் மலைக்குப் போடுகிற டொலமைட் சுண்ணாம்பையே ஒரு கை போட்டுக் கிளறிவிட்டால் புளிப்பும் குறையும், மக்னீசியமும் கிடைக்கும். அடி ஓலைகள் ஓரம் மஞ்சளாகி நடு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம் போதவில்லை. அடி ஓலையில் செம்மஞ்சள் புள்ளியும் நுனிக் கருகலும் இருந்தால் பொட்டாசியம் போதவில்லை. அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த ஓலையை வெட்டிவிடாதீர்கள், புது ஓலைக்கு வேண்டிய சத்தை மரம் அதிலிருந்துதான் இழுத்துக்கொள்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டலாம். யூரியாவை மட்டும் அள்ளிப் போடுவது இந்தப் பொட்டாசியக் குறையை இன்னும் கூட்டும்.

மழை மாதங்களில் வாரம் ஒரு தரம் குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அழுகல் தொடங்கிவிட்டது. பனைக்கு வளரும் இடம் அந்த ஒரு குருத்துதான், பக்கக் கிளை வராது. இருந்தாலும் உடனே மரத்தைப் பிடுங்க வேண்டாம். அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற செப்பு மருந்தைக் கரைத்து உள்ளே ஊற்றுங்கள். மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து மழை விழாமல் பாருங்கள். மாதங்கள் கழித்துக் குட்டை ஓலை ஒன்று எட்டிப்பார்த்தால் மரம் தப்பித்தது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இளம் பனையின் அடியைத் தோண்டித் தின்னும், முதல் சில வருடங்களுக்குத் தகர வேலி அவசியம்.

கன்று கிடைப்பதுதான் கஷ்டம். நுவரெலியாப் பக்கத்துக் கன்றுத் தவறணைகளில் பெயரைச் சொல்லி விசாரியுங்கள், அதே உயரத்தில் வளர்ந்த கன்று என்றால் கூடுதல் விலை கொடுத்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டு விதையை இணையத்தில் பார்த்து உடனே பணம் கட்டிவிடாதீர்கள். தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடைச் சேவையிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். தென்னையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கிற நாட்டில் பனைச் சாதி விதையை உறையில் போட்டுக் களவாக வரவழைப்பது சரியில்லை.