சுவரே மின்சாரம் தரும் கட்டடங்கள்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கண்ணாடிச் சுவரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கட்டடங்களைப் பார்த்துவிட்டு "இதைத்தான் படிப்பேன்" என்கிறாள், அப்படி ஒரு படிப்பு உண்டா, படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கென்றே தனியாக ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். வேலை உண்டு. ஆனால் அது சிவில், எலக்ட்ரிக்கல், மெட்டீரியல்ஸ் (பொருள் அறிவியல்) ஆகிய மூன்று பழைய துறைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் இருக்கிறது. அவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்து, இன்னொன்றை வேலை பார்க்கும் அளவுக்குக் கற்றுக்கொள்பவருக்குத்தான் அந்த இடம் கிடைக்கும்.

முதலில் துறையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் போட்டு மேலே பேனல் மாட்டுவது வேறு, இது வேறு. இங்கே பேனலே ஓடு, பேனலே ஜன்னல் கண்ணாடி, பேனலே பால்கனி கைப்பிடித் தடுப்பு. கழற்றினால் கட்டடத்தில் ஓட்டை விழும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் இன்டர்நேஷனல் ஸ்கூலின் சுவர்களில் 12,000 நீலப்பச்சைப் பேனல்கள் பதித்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மின்தேவையில் பாதிக்கு மேல் அவற்றிலிருந்தே கிடைக்கிறது. நம் நாட்டில் நவி மும்பையில் ஒரு தரவு மையத்தின் நான்கு புறச் சுவர்களிலும் 863 கிலோவாட் அளவுக்குப் பதித்திருக்கிறார்கள். இருந்தாலும் மொட்டைமாடி சோலாரோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது இன்னும் சிறிய சந்தைதான். இதை மட்டுமே நம்பி முதல் வேலையைத் தேடக் கூடாது என்பதற்குக் காரணம் அதுவே.

ஏன் சிறியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சென்னையில் மாடியில் வைத்த 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,450 யூனிட் தரும். அதே பேனலைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தினால் ஏறத்தாழ அதில் பாதிதான். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கே சாய்ந்துவிடும், தெற்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. இப்போது 100 சதுர மீட்டர் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் பூசிய கண்ணாடி சதுர மீட்டருக்கு 180 வாட் தந்தால் மொத்தம் 18 கிலோவாட். மாடியில் அது 26,000 யூனிட் கொடுத்திருக்கும், சுவரில் 13,000தான். ஐரோப்பாவில் வரைந்த படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து தெற்குச் சுவரை நிரப்புபவர் தோற்றுப்போவார். சென்னையில் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கும் சாய்வான நிழல்பந்தல்களுக்கும்தான் முதல் கவனம் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத் தெரிந்த இளம் பொறியாளருக்கு நல்ல மதிப்பு உண்டு.

இனி, அன்றாடம் இந்த வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்குச் சொல்லுங்கள். விளம்பரப் படங்களில் இது தெரியாது.

கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை. 6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டுக்கு நடுவே சோலார் செல்லை வைத்து ஒட்டினால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஒன்றரைக்கு மூன்று மீட்டர் பலகை ஒன்று 135 கிலோ வரும். வெப்பத்தைத் தடுக்கப் பின்னால் இன்னொரு 6 மில்லிமீட்டர் கண்ணாடி சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டும். அதன்மேல் காற்று. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தை அப்படியே எடுத்தால் அழுத்தம் 0.6 × 50 × 50, அதாவது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். கட்டட மூலைகளில் காற்று உள்ளே தள்ளுவதைவிட வெளியே உறிஞ்சி இழுப்பதுதான் அபாயம். உயரத்துக்கும் மூலைக்கும் ஏற்பத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். இதெல்லாம் சிவில் ஆட்களின் வேலை.

இதே கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடுகிறது. 40 வோல்ட் பலகைகள் இருபதை வரிசையாக இணைத்தால் 800 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஏசி மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது, ஒருமுறை பிடித்த பொறி தொடர்ந்து எரியும். பொறி கிளம்புவது பெரும்பாலும் சரியாக அழுத்தப்படாத கனெக்டரில்தான். அலுமினியச் சட்டத்தில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் வயரை இழுத்தாலும் போதும்: காற்றில் கண்ணாடி அசைய அசைய வயரின் உறை தேய்ந்து சட்டத்திலேயே மின்கசிவு ஏறும். துளை போட்டவர் ஃபசாட் ஃபேப்ரிகேட்டர் (கட்டட முகப்பின் கண்ணாடிச் சட்டங்களைச் செய்பவர்), வயர் இழுத்தவர் எலக்ட்ரீஷியன், வளையம் வைப்பது யார் பொறுப்பு என்று வரைபடத்தில் யாரும் எழுதவில்லை. இந்தத் துறையில் நேரும் கோளாறுகள் பல இப்படிப்பட்டவைதான்.

இன்னொன்று, நிழல். கண்ணாடியைப் பிடிக்கும் அலுமினியச் சட்டத்தின் மூடி 50 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தால் மதிய வெயிலில் அதன் நிழல் மேல்வரிசைச் செல்கள்மீது விழும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் நிழல் விழுந்த செல் மின்னோட்டத்தை நெரித்துவிடும். மின்னோட்டத்தைச் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு இருந்தாலும் அந்தப் பகுதி முழுக்க மின்சாரம் தராமல் விலகிப்போகும், இல்லாவிட்டால் நிழல் விழுந்த செல்லே சூடாகிக் கருகும். செல்களைச் சட்டத்திலிருந்து சற்று உள்தள்ளி அமைத்திருந்தாலோ, மூடியே இல்லாமல் சிலிகான் பசையில் ஒட்டும் முறைக்கு மாறியிருந்தாலோ இது வராது. ஆனால் சட்டத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட்டுக்கு டயோடு தெரியாது, செல்லை அடுக்கியவருக்குச் சட்டம் தெரியாது.

வெப்பமும் அப்படித்தான். சாதாரண சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதத் திறனை இழக்கும். பின்புறம் காற்றோட்டம் விடாமல் சுவரோடு அடைத்து 75 டிகிரிக்குப் போனால் இழப்பு 17 சதவீதத்துக்கு மேல். ஓரத்தில் ஈரம் புகுந்தால் செல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பிவிபி என்ற ஒட்டும் பிளாஸ்டிக் படலம் வெண்மையாகிப் பிரியும். வெளியே பூசிய சிலிகான் பசை அந்தப் படலத்தோடு ஒத்துப்போகாத வகையாக இருந்தாலும் ஓரம் பிரியத் தொடங்கும். இது மெட்டீரியல்ஸ் ஆட்களின் பகுதி.

ஆக, மூன்று கதவுகள். மகள் எதற்குள் நுழைய வேண்டும் என்பதை மதிப்பெண்ணைவிட அவளுடைய கை எதில் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வரைவது, அளப்பது, கட்டடங்களை உற்றுப் பார்ப்பது பிடிக்கும் என்றால் சிவில் அல்லது பி.ஆர்க். பி.ஆர்க் ஐந்து ஆண்டு, அதற்கு நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு அல்லது ஜேஇஇ மெயின் இரண்டாம் தாள் எழுதியிருக்க வேண்டும். சர்க்யூட்டில் ஆர்வம் என்றால் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்டு எலக்ட்ரானிக்ஸ்). வேதியியலும் இயற்பியலும் இனிக்கிறது, மேற்படிப்பு வரை பொறுமை இருக்கிறது என்றால் மெட்டீரியல்ஸ் அல்லது மெட்டலர்ஜி (உலோகவியல்). திருச்சி என்ஐடியிலும் சென்னை ஐஐடியிலும் மெட்டலர்ஜிகல் அண்டு மெட்டீரியல்ஸ் துறை இருக்கிறது. ஆராய்ச்சி வரை போனால் ஐஐடி பம்பாயில் 2010-இல் தொடங்கிய தேசிய ஒளிமின்னழுத்த ஆராய்ச்சி மையம், ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரின் ஃப்ரான்ஹோஃபர் ஐஎஸ்இ, சிங்கப்பூரின் செரிஸ் ஆகிய சோலார் ஆராய்ச்சி நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. என் கருத்தைக் கேட்டால், கட்டடமும் சர்க்யூட்டும் சமமாகப் பிடிக்கும் பிள்ளைக்கு சிவிலைவிட ட்ரிபிள் ஈ-யைச் சொல்வேன். மின்சாரம் படித்தவர் ஃபசாட் கம்பெனியில் ஓராண்டு இருந்தால் கண்ணாடி பிடிபட்டுவிடும். மறுபக்கமாகப் போவது சற்றுக் கடினம்.

"ரினியூவபிள் எனர்ஜி", "சோலார்" என்று பெயருள்ள பி.இ. பிரிவுகளில் சேர்க்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பட்ட மேற்படிப்புக்கான கேட் தேர்வில் சிவிலுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் ஆர்க்கிடெக்சருக்கும் மெட்டலர்ஜிக்கும் தாள் உண்டு, சோலாருக்குத் தனித்தாள் கிடையாது. அரசு, பொதுத்துறை வேலை அறிவிப்புகளும் பெரும்பாலும் பழைய பிரிவுகளின் பெயரைத்தான் கேட்கும். பட்டத்தின் பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியானால் பிள்ளையின் உழைப்பு வீணாகும். சோலாரை விருப்பப்பாடமாகவும் புராஜெக்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு ஆண்டுக்குள் வகுப்புக்கு வெளியே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் ஆட்டோகேட், ரெவிட் ஆகிய வரைபட மென்பொருள்கள். மூன்றாம் ஆண்டில் சோலார் உற்பத்தியைக் கணக்கிடும் பிவிசிஸ்ட் மென்பொருள், அதிலும் நிழல் கணக்கு. ஐஇசி 61215, 61730 இரண்டும் பேனல் சோதனைகளுக்கான சர்வதேசத் தரவிதிகள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைப்பதும், மைனஸ் 40-க்கும் 85-க்கும் இடையே 200 முறை குளிர்த்திச் சூடாக்குவதும் 61215-இல் வரும். கட்டடத்தோடு சேர்ந்த பேனலுக்கென்றே வந்தது ஐஇசி 63092. இவை எதற்காக என்று புரிந்து பேசினாலே நேர்முகத் தேர்வில் தனித்துத் தெரிவாள். விடுமுறைப் பயிற்சியைச் சோலார் கம்பெனியில் ஒன்று, அலுமினிய-கண்ணாடி ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு.

பெண் பிள்ளை உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டுமா என்ற கவலை உங்கள் கேள்வியில் தெரிந்தது. நியாயமான கவலை. வடிவமைப்பு, கணக்கு, சோதனைக்கூடம், தரப் பரிசோதனை எல்லாம் தரையில் நடப்பவை. ஆனால் முதல் இரண்டு ஆண்டாவது தளத்துக்குப் போகாமல் நல்ல டிசைனர் ஆக முடியாது. சேஃப்டி பெல்ட், உயரத்தில் வேலை செய்வதற்கான முறைப்படியான பயிற்சி, ஏறுமுன் டிசி ஐசொலேட்டரை (மின்தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துப் பூட்டும் வழக்கம் இவை உள்ள நிறுவனமா என்று கேட்டுச் சேருங்கள். வெயில் இருக்கும்வரை, டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனல் பக்கத்து வயரில் வோல்டேஜ் இருக்கும் என்பதை அவள் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பத்தாவது முடித்த மகளின் தம்பியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐடிஐயில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன், பிறகு அப்ரன்டிஸ், பிறகு தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் ஒயர்மேன் சான்று. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு ட்ரிபிள் ஈ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டம் ஒரு கோடி வீட்டு மாடிகளை இலக்காக வைத்திருப்பதால் அவனுக்கு உடனடி வேலை அங்கேதான்.

மகளுக்கான வேலையிடங்கள் எங்கே? ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, 2024 ஜனவரியில் திறந்தது. கேட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மத்தை மெல்லிய படலமாகக் கண்ணாடியில் படியவைத்துப் பேனல் செய்கிறார்கள். அது பெரிய மின்பண்ணைகளுக்கான பேனல் என்றாலும், கண்ணாடிமேல் படலம் படியவைக்கும் திறமை நாளை முகப்புக் கண்ணாடிக்கும் அதேதான். நெல்லை கங்கைகொண்டானில் டாடா பவர், ஒரகடத்தில் விக்ரம் சோலார். இவற்றோடு சென்னை, பெங்களூரு ஃபசாட் ஆலோசனை நிறுவனங்கள். தொடக்கச் சம்பளம் மற்ற சைட் இன்ஜினியர்களைப் போலத்தான் இருக்கும் என்று எதிர்பாருங்கள். நான்கைந்து ஆண்டில் இரண்டு பக்கமும் தெரிந்தவர் ஆன பிறகுதான் வித்தியாசம் வரும். அதுவரை மாடி சோலாரோ வெறும் கண்ணாடி முகப்போ செய்து காலம் தள்ள வேண்டியிருக்கும். அந்த அனுபவம் பின்னால் அப்படியே கைகொடுக்கும்.

விருப்பப் பட்டியல் நிரப்பும் முன் இரண்டு மூன்று கல்லூரிகளை நேரில் பாருங்கள். சோலார் லேப் எங்கே என்று கேளுங்கள். மாடியில் பேனல் இருந்தால் மட்டும் போதாது. மாணவர்கள் பேனலின் மின்னோட்ட-மின்னழுத்த வரைபடத்தைத் தாங்களே எடுக்கிறார்களா, இன்சுலேஷன் சோதனைக் கருவி பூட்டிய அலமாரியில் இருக்கிறதா அல்லது கையில் புழங்கிய அடையாளத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஆண்டு இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளில் இரண்டை வாங்கி மகளையே புரட்டச் சொல்லுங்கள். சிவில் மாணவரும் ட்ரிபிள் ஈ மாணவரும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய விதி அனுமதிக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். அனுமதி உண்டு என்று சொல்லும் கல்லூரியைப் பட்டியலில் மேலே வையுங்கள்.