நன்றிக்காகப் பொய்க்குத் துணை போகலாமா?

கேள்வி: காலடிப்பேட்டையில் இருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா எங்கள் தெருவில் பல வருடங்களாக ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000 ரூபாய். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்கும் ஓர் அம்மாவும் அதில் சேர்ந்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்காகப் போன மாதம் அவர் சீட்டு எடுத்தபோது, “ரெண்டு தவணை வரல” என்று சொல்லி அக்கா 10,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு தவணை கொடுத்தபோதும் நான் அங்கேதான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நூறும் ஐம்பதும் இருபதுமாக எல்லாம் ஈர நோட்டு. அக்கா ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காய வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தெருப் பெரியவர்கள் கூடிப் பேசப் போகிறார்கள். “எதுவும் பாக்கலைன்னு சொல்லிடு, போதும்” என்கிறார் அக்கா. 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது மாடியில் இடம் கொடுத்தவர் அவர். என் கணவர் ஆபரேஷனுக்குத் தன் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர். “உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்குன்னு வள்ளுவரே சொல்லியிருக்கார், வாயை மூடிட்டு இரு” என்கிறார் கணவர். யாருக்கும் தெரியாமல் நானே அந்த 10,000 ரூபாயை மீன்கார அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், காலடிப்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கணவர் சொன்னது 110-ஆவது குறள். செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் அதோடு முடிகிறது. அடுத்த அதிகாரம் என்னவென்று அவரையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவு நிலைமை! இந்த வரிசைக்குக் காரணம் உண்டு என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். உதவி செய்தவரின் நன்றியை நினைத்தால் நடுவு நிலைமை குலையும், அங்கேயும் குலையக் கூடாது என்று சொல்லத்தான் செய்ந்நன்றிக்குப் பின்னால் இதை வைத்தார் வள்ளுவர் என்று அதிகாரத் தொடக்கத்திலேயே எழுதுகிறார். பகைவன் என்றால் நியாயம் தவறுவோம் என்பது ஊருக்கே தெரியும். நல்லவர்கள் சறுக்குவது நன்றியில்தான் என்று சொல்ல, மனிதர்களை ரொம்பப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அக்காவைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. 20 பேர் பணம் ஒரு வீட்டுக்குள் வந்து போகிறது. ஏதோ அவசரம், கை வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். சரிக்கட்ட முடியாதபோது யார் தலையிலாவது விடிய வேண்டும். அது யார் தலை என்பதைக் கவனியுங்கள். அந்த 20 பேரில் ஒரு வட்டிக்கடைக்காரர் இருந்திருந்தால் அவர் தவணை காணாமல் போயிருக்காது. திருப்பிக் கேட்கத் தெம்பில்லாத ஆளாகப் பார்த்துத்தான் கணக்கு இடிக்கும். சீட்டைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும் என்று 1982-லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. தெருச் சீட்டில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆக, மீன்கார அம்மாவுக்கு இருக்கிற ஒரே ரசீது நீங்கள்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா உங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை, வெறும் எதிர் வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மட்டும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசியிருப்பீர்களா? தெருவில் தனியாகிவிடுவோமே என்ற பயம் இருந்திருக்காதா? நன்றி என்று நாம் சொல்வதில் பயமும் கொஞ்சம் கலந்துதான் இருக்கிறது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீர்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அந்தக் கதையில் உங்கள் சிக்கலேதான் இருக்கிறது. ஒற்றியூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரை மணக்க ஆசைப்படுகிறார் சிவபெருமானின் தோழரான சுந்தரர். திருவாரூரில் ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார். அதனால் “உன்னைப் பிரிந்து போக மாட்டேன்” என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்கிறார் சங்கிலியார். சுந்தரர் சிவபெருமானிடம் போய், “நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் வெளியே மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளுங்கள்” என்று கேட்கிறார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! தோழர் கேட்டதற்குப் பெருமானும் சரி என்கிறார். ஆனால் அதே பெருமான் சங்கிலியாரிடம், மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கும்படியும் சொல்லிவிடுகிறார். சுந்தரர் வசமாக மாட்டிக்கொண்டு மரத்தடியிலேயே சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைப்பு வந்து, சத்தியத்தை மீறி ஒற்றியூரை விட்டுக் கிளம்புகிறார். கண் இரண்டும் போகிறது.

அதோடு உறவு அறுந்துவிடவில்லை. கண்ணைப் பறித்தவரே வழியில் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுக்கிறார். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். தோழமைக்காக அந்தப் பெண்ணை ஏமாற விடவில்லை, அந்தப் பெண்ணுக்காகத் தோழரைக் கைகழுவவும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான்.

ரகசியமாக 10,000 கொடுக்கும் யோசனை வேண்டாம். மீன்கார அம்மா இழந்தது பணம் மட்டுமா? தவணை கட்டாமல் கட்டியதாகச் சொன்னவள் என்று தெருவில் பெயர் ஆகிவிட்டது. கடனுக்குச் சரக்கு எடுத்து, விற்று, சாயந்திரம் திருப்பிக் கட்டுகிற தொழிலில் நாணயம் போனால் மறுநாள் கூடை காலி. நீங்கள் கமுக்கமாகக் கொடுக்கும் பணம் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்காது. அதைவிட, அக்காவிடம் நீங்கள் பட்ட கடனை அந்த அம்மா தலையில் கட்டிவிட்டு நீங்கள் நன்றி காட்டுவது என்ன நியாயம்? நன்றிக்கடன் உங்களுடையது, உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். அந்த வளையலை மீட்டுக் கொடுத்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஒருநாள் மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் தனியாகப் போங்கள். கணவரைக் கூட்டிப் போகாதீர்கள். “நான் பாத்தேன்க்கா. பாக்கலைன்னு என்னால சொல்ல முடியாது. கூட்டத்துக்கு முன்னாடி நீங்களே கணக்கைச் சரி பண்ணிடுங்க” என்று சொல்லுங்கள். மீன்கார அம்மாவுக்குக் கொடுக்க நினைத்த 10,000 ரூபாயை அக்காவுக்குக் கைமாற்றாகக் கொடுங்கள். நோட்டில் எழுத விட்டுப்போச்சு என்று அவர் தெருவில் சொல்லிக்கொள்ளட்டும். முழு உண்மை இல்லைதான். ஆனால் மீன்கார அம்மாவின் பணமும் பெயரும் திரும்புகிறது என்றால், அக்கா முகம் சுண்டாமல் இருக்க அந்த அளவு வழி விடலாம் என்பது என் கட்சி.

அவர் இறங்கி வரவில்லை என்றால் கூட்டத்தில் பேசத்தான் வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை தடவை, எப்படிப்பட்ட நோட்டு, எங்கே காய வைத்தார். பணம் எங்கே போயிருக்கும் என்ற ஊகத்துக்குள் போகவே வேண்டாம், யார் கிளறினாலும். கோபத்தில் அக்கா வளையல் பேச்சை எடுப்பார். “ஆமா, கொடுத்தாங்க, அந்தக் கடன் எனக்கு இருக்கு” என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் பேச மாட்டார். நீங்கள் பேச்சை நிறுத்த வேண்டாம்.

அப்புறம், கூட்டம் கலைவதற்குள் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். மிச்ச மாதங்களுக்கு ஆளுக்கொரு சின்ன நோட்டு. தவணை கைக்கு வந்ததும் அக்கா அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூட்டி வந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் போதும்.