அலுமாரிக்குள் போன், வாசலில் காவல்

கேள்வி: மகன் தரம் 8 படிக்கிறான். போனை அலுமாரியில் பூட்டி, தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் வெளியே போனால் சின்ன மகள் பார்த்திருந்து சொல்லுவாள், ஒரு கண்டோஸ் கொடுப்பேன். இப்போது இங்கிலீஷ் கொப்பியில் ‘போன் எனக்கு ஃபோர்பிடன் ஃப்ரூட்’ என்று எழுதியிருக்கிறான். கெட்ட அர்த்தமா?
ஒரு தாய், கல்லடி.

பதில்: தங்கச்சி, வசனத்தில் பிழையில்லை. ஆதியாகமத்தில், ஏதேன் தோட்டத்தில் தின்னக்கூடாது என்று விலக்கிய கனியிலிருந்து வந்த பேச்சு அது. (அங்கே பழத்தின் பெயரே இல்லை, அப்பிள் என்பது பிறகு வந்த கதை.) தடை செய்த எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வதில்லை. பொலித்தீன் பையைத் தடை செய்தால் யாரும் அதற்காக ஏங்கப்போவதில்லை. தடுத்ததாலேயே ஆசை கூடிய பொருளுக்குத்தான் அது பொருந்தும். அடுத்தவர் துணைமேல் வரும் ஆசைக்கும் சொல்வார்கள். உங்கள் மகன் அந்தப் பக்கம் போகவில்லை.

என்னை உறுத்துவது அந்தக் கண்டோஸ். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நம் பக்கத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்க ஓடித்திரிகிறவன் அண்ணன். அவனைக் காட்டிக் கொடுத்தால் இனிப்பு என்று அவளைப் பழக்குகிறீர்களே, இதற்குப் பெயர் வளர்ப்பா? போனினால் கெடுவது ஒரு சோதனையின் புள்ளி. இதனால் கெடுவது கூடப்பிறந்த உறவு. இன்றைக்கே நிறுத்துங்கள். இனி அண்ணனைப் பற்றி உன்னிடம் கேட்கமாட்டேன் என்று அவன் முன்னாலேயே அவளிடம் சொல்லுங்கள்.

மிரட்டலும் நிலைக்காது. 1965இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்ற உளவியலாளர், 7 முதல் 9 வயதுப் பையன்களிடம் ஒரு ரோபோ பொம்மையைத் தொடக்கூடாது என்றார். சிலரை மிரட்டினார், சிலருக்கு மெல்லச் சொன்னார். சில கிழமைகளுக்குப் பிறகு விருப்பம்போல் விளையாட விட்டபோது, மிரட்டப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதையே எடுத்தார்கள். மெல்லச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. பயத்தில் அடங்கிய பிள்ளை, பயம் போனதும் பாய்வான்.

அலுமாரித் திறப்பை விடுங்கள். பாடம் முடித்த பிறகு 7 மணியிலிருந்து 8 மணிவரை போன் அவனுக்கு; அறைக்குள் அல்ல, எல்லாரும் இருக்கிற ஹோலில். சார்ஜரும் அங்கேயே இருக்கட்டும். நேரம் முடிந்தால் அவனே கொண்டுவந்து சார்ஜில் போட வேண்டும், நீங்கள் பறிக்கக்கூடாது. உங்கள் போனும் இரவில் அங்கேதான் கிடக்க வேண்டும், கட்டிலில் அல்ல. அவன் 15 நிமிடம் கூட எடுத்தால் அடுத்த நாள் அந்த 15ஐக் கழியுங்கள். கை முறிக்கிற கதை வேண்டாம். முதல் கிழமை நேரம் தவறுவான், சண்டையும் பிடிப்பான். அதற்காகத் திரும்பப் பூட்டினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.