படம் எடுத்தது நீங்கள், சட்டப்படி உரிமையாளர் கடைக்காரர்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். போட்டோகிராபர். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஓணம் சேலைகளுக்குப் படம் எடுத்துத் தரச் சொன்னார். 40,000 ரூபாய் பேசி 15,000 அட்வான்ஸ் தந்தார்கள். விடியற்காலையில் முட்டம் கடற்கரையிலும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை, வீட்டில் பேசிச் சம்மதிக்க வைத்து மாடலாகக் கூட்டிப்போனேன். அவளுக்கு 3,000 ரூபாய் நானே கொடுத்தேன். ஓணம் முடிந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது, படங்கள் இன்னும் பிளக்ஸில் நிற்கின்றன. திருவனந்தபுரத்தில் கடைக்காரரின் சொந்தக்காரர் நகைக்கடை வைத்திருக்கிறார், அந்த விளம்பரத்திலும் அதே படம். எங்கேயும் என் பேர் இல்லை. பாக்கி 25,000 கேட்கப் போனால், 'மொபைல்ல எடுத்தாலே இதைவிட நல்லா வரும்' என்று மேனேஜர் வேலையாட்கள் முன்னால் அவமானப்படுத்தினார். இன்ஸ்டாகிராமில் காப்பிரைட் ரிப்போர்ட் அடித்திருக்கிறேன். பத்து லட்சம் கேட்டு நோட்டீஸ் விடலாம் என்றும், பணம் வராவிட்டால் பேஸ்புக்கில் எல்லாவற்றையும் போடலாம் என்றும் இருக்கிறேன். என் பக்கத்தில் போர்ட்ஃபோலியோவுக்காக அந்தப் படங்களைப் போட்டிருக்கிறேன். மேக்கப் போட்ட அக்கா கேட்டதால் அவர் பார்லர் பிளக்ஸுக்கும் இரண்டு படம் கொடுத்தேன். கேஸ் நிற்குமா? பேசிய வாட்ஸ்அப் மெசேஜை இணைத்திருக்கிறேன்.

பதில்:

மேனேஜர் பேசியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். வலிக்கும்தான். ஆனால் வழக்கில் அதற்கு வேலை இல்லை. விடியற்காலை எழுந்தது, அலையில் லென்ஸ் நனைந்தது, எதுவும் தீர்ப்பை மாற்றாது. நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: யார் கேட்டு, யார் காசுக்கு எடுத்த படம்?

பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(பி)யைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் கூலி பேசி எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையது, கண் உங்களுடையது, ஆனால் காப்பிரைட் கடைக்காரருடையது. போட்டோகிராபர்கள் பலர் 'நான் எடுத்தேன், அதனால் என்னுடையது' என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களாகப் போய் முட்டத்தில் எடுத்த சூரிய அஸ்தமனத்துக்கு அது சரி. ஆர்டர் வாங்கி எடுத்த படத்துக்குச் சரியில்லை.

'முழுப் பணமும் தரவில்லையே சார்' என்பீர்கள். ஆசாரி கட்டில் செய்து கொடுத்த பிறகு பாக்கி வரவில்லை என்றால் பாக்கிக்கு வழக்குப் போடலாம், கட்டில் என்னுடையது என்று சொல்ல முடியாது. உங்கள் நிலையும் அதுதான். பணம் முழுதாக வந்த பிறகே உரிமை கைமாறும் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் கதையே வேறு.

சரி, வேறு மாதிரி ஒப்பந்தம் ஏதாவது உண்டா? நீங்கள் அனுப்பிய மெசேஜ் இது: 'ஓணம் சாரி ஷூட், 30 எடிட்டட் போட்டோ, இன்ஸ்டா, ஷாப் டிஸ்ப்ளே, 40,000.' அதற்கு மேனேஜரின் பதில்: 'ஓகே ப்ரோ.' உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நடுவில் உள்ள 'இன்ஸ்டா, ஷாப் டிஸ்ப்ளே' என்ற வார்த்தைகள். இந்த இரண்டுக்கு மட்டும்தான் அனுமதி, மற்றதெல்லாம் எனக்கு என்று வாதாடலாம். எதிர்த்தரப்பு வக்கீல், அது வேலையின் விவரம், உரிமையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்பார். எனக்கு அவர் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. இந்த ஒரு வரியை நம்பிப் பத்து லட்சத்துக்கு வழக்குப் போட்டால், தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். உங்களுக்கு வரவேண்டிய பாக்கியை விட அதிகம். அதற்கு முன்னால் வணிக வழக்குகளுக்குரிய கட்டாய சமரசக் கட்டத்தை வேறு தாண்டவேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'என் பேர் இல்லை' என்பதில்தான் சட்டப்படி கொஞ்சம் உயிர் இருக்கிறது. காப்பிரைட் யாருக்குப் போனாலும், படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். 'இது நான் எடுத்தது' என்று உரிமை கோரும் உரிமை பிரிவு 57இல் உங்களிடமே இருக்கிறது. இதற்காகத் தனியாக வழக்குப் போடச் சொல்லமாட்டேன், பேச்சுவார்த்தையில் வைக்க நல்ல சீட்டு.

இனி நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியாக இருக்கும் மூன்று நான்கு வரிகள். கடைக்காரர் செய்ததை விட அவைதான் ஆபத்து.

உரிமையாளர் அவர் என்றால், அவர் அனுமதியில்லாமல் படத்தைப் பயன்படுத்துகிறவர் யார்? நீங்கள். பார்லர் பிளக்ஸுக்கு இரண்டு படம் கொடுத்தது நீங்கள். தெரிந்தே காப்பிரைட்டை மீறினால் பிரிவு 63இல் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை தண்டனை, கூடவே 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்கமுடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. பிளக்ஸில் இரண்டு படம் போட்டதற்காக உங்களை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் ஒரு நோட்டீஸ் விட்டதும் மறுநாள் எதிர்த்தரப்பு தேடி எடுக்கப்போவது இதைத்தான். பணம் கேட்டுப் போனவர், புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

நோட்டீஸ் விஷயத்திலும் இதே பிடிதான். தனக்கு இல்லாத காப்பிரைட்டைச் சொல்லி மிரட்டினால், மிரட்டப்பட்டவர் பிரிவு 60இன் கீழ் வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். நீங்கள் இன்ஸ்டாகிராமில் அடித்த ரிப்போர்ட்டையும் அதோடு சேர்ப்பார்கள். அந்தப் படிவத்தில் 'உரிமையாளர் நான்தான்' என்று உறுதி கூறியிருப்பீர்கள். அதை இன்றைக்கே வாபஸ் வாங்குங்கள்.

அப்புறம் பேஸ்புக். 25,000 பாக்கியைக் கேட்பது உங்கள் உரிமை, பத்து முறை கேட்டாலும் குற்றமில்லை. 'பத்து லட்சம் தா, இல்லாவிட்டால் கடைப் பேரை நாறடிப்பேன்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போய்விட்டால் நிலைமை மாறிவிடும். வரவேண்டிய பணத்துக்கு மேலே, மானத்தைக் காட்டிப் பயமுறுத்திக் கேட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 308இல் பணம் பறிப்பு என்று புகார் கொடுக்க வழி இருக்கிறது. பதிவு போட்டுவிட்டால் அவதூறு, பிரிவு 356. என்னிடம் வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். நியாயம் முழுக்க இவர்கள் பக்கம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் கோபத்தில் அனுப்பிய முப்பது செகண்ட் ஆடியோ எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். ஸ்டேஷனில் 'பேசி முடிச்சுக்கோங்க' என்பார்கள். முடிப்பது என்றால் என்ன? இவர் பாக்கியை விட்டுக்கொடுக்கிறார், அவர்கள் புகாரை விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி ஏதாவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழிக்கவேண்டாம், அழித்தால் இன்னும் சந்தேகம். அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் நேரில் போங்கள்.

இப்போது அந்தப் பெண். உங்கள் கடிதம் முழுவதும் அவள் ஒரு சாட்சி போல வந்து போகிறாள். உண்மையில் வலுவான வழக்கு அவளிடம்தான் இருக்கிறது. படத்தின் உரிமை வேறு, முகத்தின் உரிமை வேறு. ஒருவரின் பேரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று 1994இலேயே ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன் பேரையும் சாயலையும் பயன்படுத்தத் தடை வாங்கியபோது, அந்தப் பேருக்கு இருந்த சந்தை மதிப்பும் பேசப்பட்டது. உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்த மதிப்பு இல்லாததால் பெரிய தொகை கிடைக்காது. தடை உத்தரவு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவள் சம்மதித்தது சேலைக்கு. நகைக்கு யார் சம்மதம் வாங்கினார்கள்?

அவள் வழக்குப் போட்டால் எதிரி யார் யார்? ஜவுளிக்கடை, நகைக்கடை, அப்புறம் நீங்கள். அவளுக்குக் காசு கொடுத்தது நீங்கள், வீட்டில் பேசி வாக்குக் கொடுத்தது நீங்கள். கடைக்காரர் 'மாடலை அழைத்து வந்தது போட்டோகிராபர், எல்லாம் பேசியாச்சு என்றார்' என்று ஒரே வரியில் கையைக் கழுவிவிடுவார். நகைக்கடை செய்ததை நீங்களும் செய்திருக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பார்லர் பிளக்ஸில் தன் முகம் தொங்கப்போகிறது என்று அவளிடம் கேட்டீர்களா? அவள் வயதையும் எழுதவில்லை. படம் எடுத்த அன்று 18 முடியவில்லை என்றால் அவள் சொன்ன 'சரி'க்கு ஒப்பந்தம் என்ற மதிப்பே கிடையாது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இலிருந்து அசையாத சட்டம். அப்படியானால் பெற்றோர் என்ன சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

இதனால்தான் ஒரு காகிதத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன். நீங்கள் கொஞ்சம் அழுத்தினால் கடைக்காரர் 25,000 தர ஒப்புக்கொள்வார். பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'மாடல் உள்ளிட்ட யாரிடமிருந்து எந்தக் கோரிக்கை வந்தாலும் அதற்கு நானே பொறுப்பு' என்று இருக்கும். அது ஈட்டுறுதி, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 124. கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு நகைக்கடை கட்டவேண்டிய பணத்தையும் உங்களிடமிருந்து வசூலிப்பார்கள். 25,000 வாங்கிக்கொண்டு அளவில்லாத கடனுக்கு ஜாமீன் போடுவது இது. பாக்கி வந்த சந்தோஷத்தில் படிக்காமல் போட்ட கையெழுத்துக்காக நொந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டால் மட்டும் பணத்தைத் தொடுங்கள். அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாக்கிக்கு மூன்று வருடம் வரை காலம் இருக்கிறது, அவசரம் இல்லை.

என் யோசனை வெளிப்படையானது: சமரசம் செய்துகொள்ளுங்கள். பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். பாக்கி 25,000. நகைக்கடையில் ஓடிய படங்களுக்கு ஒரு நியாயமான தொகை, உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக அல்ல, அந்த 'ஷாப் டிஸ்ப்ளே' மெசேஜும் பிரிவு 57உம் அவர்களுக்கும் தலைவலி என்பதற்காக. இனி போடும் இடங்களில் உங்கள் பேர். போர்ட்ஃபோலியோவில் படங்களை வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி. பெண்ணுக்குத் தனியாக ஒரு தொகை, கடைகளுக்கும் அவளுக்கும் நேரடியாகத் தனி ஒப்பந்தம். அதில் உங்கள் கையெழுத்து சாட்சியாகக்கூட வேண்டாம். அவள் அப்பாவை உடன் அழைத்துப் போங்கள். நகை விளம்பரம் வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் பாக்கிக்காக அவள் முகத்தைப் பேரம் பேசக்கூடாது.

கடைக்காரர் பிடிகொடுக்கவில்லை என்றால் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே முடிந்தால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, சமம், மேல்முறையீடு கிடையாது. இந்தத் தொகைக்கு அதுதான் ஏற்ற இடம்.

அதுவரை மெமரி கார்டை ஃபார்மட் பண்ணவேண்டாம். ரா ஃபைல்கள் (எடிட் செய்யாத மூலப் படங்கள்), எடுத்த தேதி நேரத்தோடு, அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வைக்கவும். மின்னணுச் சாட்சியத்துக்குரிய சான்றிதழ் தேவைப்பட்டால் உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அடுத்த ஆர்டர் முதல் கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: காப்பிரைட் போட்டோகிராபருக்கு, முழுப் பணம் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், இந்தக் கடையின் விளம்பரத்துக்கு மட்டும், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும். காலத்தை எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும், இடத்தை விட்டால் இந்தியா முழுவதும். மாடலிடம் எந்தப் பொருளுக்கு, எவ்வளவு காலம், எந்தெந்த ஊடகத்தில் என்று தனிக் காகிதம் வாங்கி, அதில் கடையையும் கையெழுத்துப் போட வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கினாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல்தான், ஆனால் கையெழுத்து வாங்கவே பாருங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டிய வரிசை இது. முதலில் இன்ஸ்டாகிராம் ரிப்போர்ட் வாபஸ். உங்கள் பக்கத்தில் உள்ள படங்களை இப்போதைக்கு மறைத்து வையுங்கள். பார்லர் அக்காவிடம் நேரில் போய் பிளக்ஸை இறக்கச் சொல்லுங்கள், அவருக்கும் இது ஆபத்து. கடைக்காரரைப் பார்க்கப் போவது அதற்குப் பிறகுதான்.