கணுக்கால் லேசாகச் சுளுக்கியிருக்கும்போது கராத்தே பயிற்சியைத் தொடரலாமா?

தொடரலாம், ஆனால் வழக்கமான பயிற்சியை அப்படியே அல்ல. முதலில் ஒன்றைப் பாருங்கள்: அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் சுள்ளென்று வலித்தாலோ, மருத்துவரிடம் காட்டாமல் வகுப்புப் பக்கமே போக வேண்டாம்.

சரி, லேசான சுளுக்குதான் என்றால் முதல் 2, 3 நாள் காலுக்குச் சுமை கொடுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து குத்துகளும் தடுப்புகளும் பழகலாம். அப்புறம் வலிக்காத அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். முழு ஓய்வு மூட்டை இறுக்கிவிடும்.

பலரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சியை. சுளுக்கு தசைநாரை மட்டும் பாதிப்பதில்லை. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வையும் மந்தமாக்குகிறது. வலி போன பிறகும் அதே கால் மறுபடி மடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நின்று பழகுங்கள்; அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

ஒற்றைக்காலில் வலியில்லாமல் குதிக்க முடிகிற வரை உதையும் சண்டைப் பயிற்சியும் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.