எடுத்தா எடுத்த மாதிரி மடிச்சு வெக்கோணும்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஊர், கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். நாலைந்து நண்பர்களுக்கு மட்டும் தெரியும். போன வருடம் ஃபோர்ட் கொச்சியில் ஒரு கஃபே மாடியில் டிராக் ஷோ பார்த்தேன். ஆண்கள் பெண் வேடம் போட்டு, பாட்டுக்கு வாயசைத்து ஆடினார்கள். அன்றையிலிருந்து அதே நினைப்பு. நைட் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் சேலையைக் கட்டி ஆடிப் பார்க்கிறேன். அடுத்த மாதம் என்னையும் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே என் மலையாளத்தைக் கேட்டு ஒருத்தர் தமிழர்களைக் கிண்டலாகச் சொல்கிற ‘பாண்டி’ என்ற பெயரைச் சொல்லிச் சிரித்தார். வீடியோ ஊருக்கு வந்துவிடுமோ என்றும் பயம். தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஒருநாள் அம்மா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, “எடுத்தா எடுத்த மாதிரி மடிச்சு வெக்கோணும்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் ஆடலாமா? நான் திருநங்கையா? ஊரில் யாருக்கும் இல்லாத ஆசை எனக்கு மட்டும் எப்படி வந்தது?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. ஊரில் யாருக்கும் இல்லாத ஆசையா? நம் பாலக்காட்டுக் கிராமத்துக் கூத்தான பொறாட்டு நாடகத்தை நீங்கள் பார்த்ததே இல்லையா?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என் அம்மாயி ஊரில், அறுப்பு முடிந்த வயலில் பந்தல் போட்டு ராத்திரி முழுக்க நடக்கும். பாணர் சமூகத்துக் கலைஞர்கள் ஆடுவார்கள். குறத்தி, மண்ணாத்தி என்கிற வண்ணாத்தி, தாசி என்று எல்லாப் பெண் வேஷமும் ஆண்கள்தான். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் முன்னால் பாயில் உட்காராமல், பின்னால் போய்க் கீற்றை விலக்கி, வேஷம் கட்டுவதைப் பார்ப்போம். பகலில் தேங்காய் உரிக்கிற ஒருத்தர் முகத்தில் எண்ணெய் தடவி, அதன் மேல் முத்துவெள்ளை அப்பி, கண்ணுக்கு மை இழுப்பார். உதட்டுச் சாயம் கலையக்கூடாது என்று பீடியைப் பல்லில் மட்டும் கடித்துப் பிடித்திருப்பார். சவுரி வைத்து, துணியைச் சுருட்டி மார்புக்குள் செருகி, கடைசியில் கொசுவத்தை ஒரே இழுப்பில் செருகுவார் பாருங்கள், என் அம்மாவுக்கே அவ்வளவு சீராக வராது. அவர் மேடைக்கு வந்ததும் ஊரே விசிலடிக்கும். என் அம்மாயி மட்டும் மெதுவாக, “இவன் நடையில இருக்கற நளினம் நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாருக்கும் இல்லை” என்பாள்.

அவருக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெறும் பிழைப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் கொச்சியில் பார்த்தது உங்கள் மண்ணுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொல்லம் மாவட்டம் சவறாவில், கொட்டன்குளங்கரை தேவி கோயிலில், ஆண்டுதோறும் மீன மாதம் 10, 11 தேதிகளில் ஆண்கள் சேலை கட்டிப் பூ வைத்து விளக்கேந்தி நிற்கிறார்கள். சமயவிளக்கு என்று பெயர். மலையாளத்தில் சமயம் என்றால் அலங்காரம். மனைவியே கணவனுக்குப் பொட்டு வைத்து அனுப்புகிற குடும்பங்களும் உண்டு. நம் பக்கத்து நாடகக் கம்பெனிகளில் பெண் வேடம் போடவே ஸ்திரீபார்ட் என்று தனியாக ஆண்களை எடுத்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட வேண்டும், அதுதான் ஊர் போடுகிற நிபந்தனை. விசிலடித்த அதே ஆட்கள், அந்தத் தேங்காய்க்காரர் பகலில் கொஞ்சம் இடுப்பை ஒடித்து நடந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கொச்சி மாடியில் அந்த நிபந்தனை இல்லை. வேஷம் கலைத்த பிறகும் நீங்கள் நீங்களாகவே அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது ஆட்டமா, அந்த டீயா என்று யோசித்துப் பாருங்கள். டீயாக இருந்தால் மேடைக்கு அவசரமே இல்லை. இன்னும் நாலு தடவை போய்ப் பார்வையாளராக உட்காருங்கள்.

நீங்கள் திருநங்கையா என்பதைக் கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, எந்த ஜோசியனாலும் முடியாது. சேலை கட்டி ஆடப் பிடிக்கிறது என்பது மட்டும் அதற்கு அடையாளம் இல்லை. டிராக் ஆடுகிற பலர் மேடையை விட்டு இறங்கியதும் ஆண்தான். திருநங்கைக்கு அது வேஷம் இல்லை. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜ் மேடையில் பெண் வேடம் போடவில்லை, அவர் பெண். இந்த வித்தியாசம் தெரியாமல் நாம் பேசுகிற பேச்சு அவர்களைத்தான் குத்தும். ஆட்டம் முடிந்து சேலையை அவிழ்க்கும்போது உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறதா, எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறதா? கவனித்துக்கொண்டே வாருங்கள். பதிலுக்குக் கெடு ஒன்றும் கிடையாது.

‘பாண்டி’ என்று சிரித்தவரை விட்டுத் தள்ளுங்கள். ஆனால் அதைக் கேட்டு மலையாளப் பாட்டாகத் தேடிப் பிடித்து ஆடாதீர்கள், அதுதான் எனக்குப் பிடிக்காது. பொறாட்டில் பாதிப் பாட்டு தமிழ், பாதி மலையாளம். அதில் கேள்வி கேட்கவே ஒரு ஆள் இருப்பார், சோத்தியக்காரன். வேஷக்காரி வந்ததும், யாரு நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று குடைவார். அவள் மடக்கி மடக்கிப் பதில் சொல்வாள், பாடுவாள், ஊர்ப் பெரியவர்களின் காலையும் வாருவாள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவரையே சோத்தியக்காரனாக்கிவிடுங்கள். அவர் மலையாளத்தில் கேட்கட்டும், நீங்கள் கொழிஞ்சாம்பாறைத் தமிழில் பதில் சொல்லுங்கள். ‘பாண்டி’க்கும் அங்கேயே பதில் கொடுத்துவிடலாம். மூன்று நிமிடம் வாயசைத்துவிட்டு இறங்க நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைச் செய்ய அந்த மாடியில் உங்களைத் தவிர ஆள் இருக்காது. பெங்களூரில் மாயம்மா என்ற பெயரில் டிராக் ஆடுகிற அலெக்ஸ் மேத்யூ ஒரு மலையாளி. கவுனும் இறகும்தான் டிராக் என்று நினைக்கிற ஊரில் அவர் சேலையில்தான் வருகிறார். ஒன்று மட்டும், பொறாட்டின் பழைய நகைச்சுவையில் பாதி குறத்தியையும் சாதியையும் இளக்காரம் செய்வது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயத்துக்கு வருவோம். சட்டம் உங்களை ஒன்றும் செய்யாது. சேலை கட்டி மேடையேறுவது குற்றமில்லை. வயது வந்தவர்கள் மனமொத்துப் பழகுவதைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐ 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அளவில் செல்லாது என்றுவிட்டது. விஷயம் தெரிந்து மாமா யாராவது “டாக்டர்ட்ட காட்டி மாத்திரலாம்” என்று கிளம்பினால், அப்படி மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறை தவறு என 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பயம் போலீஸ் இல்லை, வாட்ஸ்அப். நியாயமான பயம். நடத்துகிறவர்களிடம் இப்போதே கேளுங்கள்: போட்டோ, வீடியோ எடுக்க அனுமதி உண்டா, போஸ்டரில் யார் முகம் போகும், ஆரம்பத்தில் அறிவிப்புச் செய்வீர்களா என்று. மழுப்பினால் இந்த முறை வேண்டாம். மேடைக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் அத்தனை பூசினால் அடையாளம் தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். நான் அந்தத் தேங்காய்க்காரரை முதல் ராத்திரியே கண்டுபிடித்தேன், முகத்தை வைத்து அல்ல. வலது கால் கட்டைவிரலில் நகம் இருக்காது. வாட்ச், கயிறு, மோதிரம், பச்சை குத்தியது எல்லாவற்றையும் யோசியுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு வீடியோ வெளியே வரலாம். தங்கை கல்யாணம் முடியட்டும் என்று நீங்கள் ஆறு மாதம் தள்ளிவைத்தால் நான் அதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். முடிவு உங்களுடையது.

போகிறீர்கள் என்றால், ஆட்டம் முடிந்து எங்கே படுப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். எர்ணாகுளத்திலிருந்து நடுராத்திரியில் ரயிலைப் பிடித்து, ஒலவக்கோட்டில் இறங்கி, முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது ஒருமுறை சாகசம், மறுமுறை தண்டனை. பயணச் செலவும் மேக்கப் செலவும் யார் தருவது என்பதையும் கேட்டுவிடுங்கள். “கலைக்காக” என்பார்கள். கஃபேக்காரர் காபியைக் கலைக்காகவா விற்கிறார்? முகத்துக்கு மலிவான பெயின்ட் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியும் பையில் இருக்கட்டும், சோப்பில் போகாது.

இனி உங்கள் அம்மா. அவரிடம் சொல்லவா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். “ஏன் எடுத்தே” என்று கேட்கவில்லை. “இனி எடுக்காதே” என்றும் சொல்லவில்லை. என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை, அனுமதி கொடுத்துவிட்டார் என்றும் சொல்லமாட்டேன். அம்மாக்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே தெரியாமல் வைத்திருப்பதற்கு அவரவர் காரணம் இருக்கும். நீங்களாகப் போய் அதை உடைக்க வேண்டாம்.

கொச்சிக்கு அவர் சேலையைக் கொண்டுபோகாதீர்கள். சம்பளம் வந்ததும் சொந்தமாக ஒன்று வாங்குங்கள், பின் குத்தினால் கிழியாத மாதிரி கொஞ்சம் கெட்டியாக. அவருடையதை, கொசுவத்தில் பின் பட்ட இடம் தாறுமாறாக இருந்தால் தைத்து, ஓரம் பிடித்து நீவி, அவர் வைக்கிற மாதிரியே மடித்து அதே அடுக்கில் வைத்துவிடுங்கள்.